எண்ணக்கூடிய ஆபத்தும் எண்ண முடியாத நாளையும்

மும்பைப் புறநகரான டோம்பிவலியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரே மகள், வயது 22. வங்கி எழுத்தர் தேர்வில் தேறி, பணி ஆணையும் வந்துவிட்டது. அவளோ அந்தேரியில் ஆறே பேர் வேலை பார்க்கும் ஒரு புதிய கம்பெனியில் சேரப் போகிறேன் என்கிறாள். வீடு திரும்ப இரவு பத்தாகும். "நிரந்தர வேலையை உதறுவதும் ஆபத்து, அந்த நேரத்தில் ரயிலில் வருவதும் ஆபத்து. எதைத் தடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

நான் மும்பையில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் கிளெய்ம் பிரிவில் 36 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். மனிதர்களுக்கு என்னவெல்லாம் நேர்கிறது என்பதைக் கோப்புக் கோப்பாகப் படிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவம் என் வீட்டுக்குள் எங்கே உதவியது, எங்கே நான் அதை மறந்தேன் என்று இரண்டையும் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு பயம் ஒரே மூட்டையில் கிடக்கிறது. முதலில் அதைப் பிரியுங்கள். ரயிலில் நடப்பதை எண்ண முடியும், எண்ணியும் வைத்திருக்கிறார்கள். ஆறு பேர் இருக்கும் கம்பெனி பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதை யாராலும் எண்ண முடியாது. ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1921-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். கணக்குப் போட முடிந்தால் அது ரிஸ்க், கணக்கே போட முடியாவிட்டால் அது நிச்சயமின்மை. காப்பீட்டுத் தொழில் முதல் வகையை நம்பித்தான் நடக்கிறது. வால் நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693-இல் பிரெஸ்லாவ் என்ற ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று ஓர் அட்டவணை போட்டார். யார் போவார் என்று அந்த அட்டவணை சொல்லாது, எத்தனை பேர் என்று சொல்லும். பிரீமியம் வசூலிக்க அது போதும். பெற்ற மனசுக்குப் போதாது, ஏனென்றால் நம்மிடம் இருப்பது ஒன்றோ இரண்டோதான். அதனால் எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு மனசில் ஓடும் காட்சியை நம்புகிறோம். எந்தக் காட்சி அதிகமாகக் கலக்குகிறதோ அதன்மேல் மொத்த பயத்தையும் கொட்டிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் கொட்டினேன். என் மகள் 2014-இல் படிப்பை முடித்துவிட்டு, கடல் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் களப்பணிக்குப் போகிறேன் என்றாள். பதினொரு மாத ஒப்பந்தம். முடிந்ததும் இன்னொன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டு வருஷம் அவளோடு சண்டை போட்டேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதே இரண்டு வருஷமும் என் மகன் தினமும் காலையில் முலுண்டில், கல்யாண் பக்கத்திலிருந்து நிரம்பி வரும் ஃபாஸ்ட் லோக்கலில் தொற்றிக்கொண்டு தாதரில் இருந்த கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். "உள்ளே நிற்க இடம் கிடைக்கிறதா?" என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. ஆண்பிள்ளை, ஊரே போகிற வழிதானே என்று விட்டுவிட்டேன். தனிநபர் விபத்துப் பாலிசி கிளெய்ம்களில், ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர்களின் கோப்புகள் என் மேஜைக்கே வந்துகொண்டிருந்தன. பிரேதப் பரிசோதனை அறிக்கை, ரயில்வே போலீஸ் பஞ்சநாமா, சீசன் பாஸ் நகல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கையெழுத்துப் போட்டவள் நான். மாலையில் வீட்டுக்குப் போய் மகளிடம் "உனக்கு வாழ்க்கையில் பாதுகாப்பே இல்லையே" என்று புலம்பினேன்.

2015 மழைக்காலத்தில் ஒரு காலை, விக்ரோலிக்கும் கட்கோபருக்கும் நடுவே அவன் முதுகுப்பை ஒரு கம்பத்தில் உரசியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. உள்ளே நின்ற யாரோ இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் அவன் விழவில்லை. அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதும் பெயர் தெரியாத அந்த இருவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

மும்பை புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இருபது வருஷம் முன்பு இந்த எண்ணிக்கை இன்னும் அதிகம். பெரும்பாலோர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள், அடுத்து வண்டியிலிருந்து விழுந்தவர்கள். 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வேயில் 11 நிமிஷத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு பல மாதம் வண்டியில் ஏறியதும் இருக்கைக்கு அடியிலும் சாமான் தட்டிலும் பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அதே வருஷம் குண்டு எதுவும் இல்லாமலே தண்டவாளம் வாங்கிய உயிர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவற்றுக்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நம் பயத்துக்கு அது எட்டுவதே இல்லை.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். நீங்கள் இரவு பத்து மணியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் காலை எட்டு மணியை நினைத்துப் பயப்படுகிறேன். டோம்பிவலியில் அந்த நேரத்தில் ஏறுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதை ரயில்வேக்காரர்களே 'சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு' என்று தனிப் பெயர் வைத்துக் குறிக்கிறார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா வளைவில் வண்டியிலிருந்து ஆட்கள் விழுந்து இறந்ததும் காலை நெரிசலில்தான். மகள் வங்கிக்குப் போனாலும், கிளை தெற்கே எங்காவது அமைந்தால், அதே எட்டு மணி வண்டிதான். வேலையை மாற்றியதால் இந்த ஆபத்து மாறாது. எப்படிப் போகிறாள் என்பதில்தான் அது இருக்கிறது. கதவு மூடிக்கொள்ளும் ஏசி லோக்கல் 2017 டிசம்பர் 25-இல் மேற்குப் பாதையில் தொடங்கி இப்போது உங்கள் பாதையிலும் ஓடுகிறது. பாஸ் விலை அதிகம்தான். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். கட்கோபரில் இறங்கினால் 2014-லிருந்து மெட்ரோ அந்தேரிக்குப் போகிறது, தாதரில் பாலம் ஏறி இறங்கி மாறுகிற பாடு இல்லை. புதிய கம்பெனிக்காரர்களிடம் அவள் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. "பதினொரு மணிக்கு வரலாமா?" என்பதைத்தான். சின்ன இடத்தில் அது நடக்கும். வங்கியில் நடக்காது.

இரவு பயத்தை நான் தள்ளிவிடவில்லை. பெண்ணைப் பெற்றவளாக எனக்கும் அது தெரியும். இரவில் போலீஸ்காரர் நிற்கும் மகளிர் பெட்டியில் ஏறச் சொல்லுங்கள், காலியாக இருக்கிறதே என்று கடைசிப் பெட்டிக்குப் போக வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து வீடு வரை உள்ள அந்த ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு என்ன ஏற்பாடு என்று அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இதெல்லாம் ஏற்பாடு செய்யக்கூடிய விஷயம். "பெண், அதனால் வேண்டாம்" என்பது வேறு விஷயம்.

அது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் இந்தியர்களின் உயிரைத் தரம் குறைந்த உயிர் என்று வைத்து, கூடுதல் பிரீமியம் வாங்கின. இந்தியர்களுக்கும் எல்லாருக்கும் போலச் சாதாரண பிரீமியம்தான் என்று முன்வந்தது இதே ஊரில் 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல். வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு எனக்குக் கோபம் கொதித்தது. பல வருஷம் கழித்து, என் மகனுக்கு நான் கேட்காத கேள்விகளை எல்லாம் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிந்தபோதுதான், நானும் அவளிடம் அந்தக் கூடுதல் பிரீமியத்தை வாங்கியிருக்கிறேன் என்று உறைத்தது. பெண் என்பதற்காகவே அவள் வாழ்க்கைக்கு நாம் ஒரு வரி போடுகிறோம். அவள் வாய்ப்புகளை இழந்து இழந்து அந்த வரியைக் கட்டிக்கொண்டே போகிறாள்.

அடுத்து, 'நிரந்தரம்' என்ற சொல். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து பரேலில் ஒரு துணி மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் சொந்தத்தில் அவர் ஒருவர்தான் 'பர்மனென்ட்'. அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிரும். அம்மா தாராவியில் ஒற்றை அறை வீட்டில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் கட்டி, விற்பவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "நிச்சயமில்லாத காசு, இதை நம்பி எதையும் செய்துவிடாதே" என்பார். 1982 ஜனவரி 18-ஆம் தேதி தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். முறைப்படி முடிந்தது என்று யாரும் அறிவிக்காமலே அது கரைந்துபோனது, பல மில்கள் திரும்பத் திறக்கவே இல்லை. எனக்கு அப்போது 16 வயது. எங்கள் வீட்டு அரிசி, என் கல்லூரிக் கட்டணம், தம்பியின் மஞ்சள் காமாலை வைத்தியம் எல்லாம் அந்த நிச்சயமில்லாத காசில்தான் நடந்தன. அப்பா அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அம்மாவோடு உட்கார்ந்து மாவு கரைக்கப் பழகினார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வங்கி வேலை மில் மாதிரி ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அது நல்ல வேலை. உங்கள் மகளுக்குப் பிடித்திருந்தால் சேரச் சொல்வேன். ஆனால் வேலைப் பாதுகாப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நாலைந்து பொருளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. மாதச் சம்பளம், பி.எஃப். அல்லது ஓய்வூதியம், கிராஜுட்டி என்கிற பணிக்கொடை, மருத்துவச் செலவு, அப்புறம் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பெயர். மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் கம்பெனிக்கு பி.எஃப். கட்டாயம் இல்லை, அதற்கு இருபது பேர் வேண்டும். கிராஜுட்டிச் சட்டத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். ஆக, அவை இரண்டும் அவளுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அவள் பெயரில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஒன்று திறந்து மாதம் கொஞ்சம் போடலாம், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போட இடமிருக்கிறது. கம்பெனி மருத்துவக் காப்பீடு தராவிட்டால் அவளுக்கென்று தனியாக ஒன்று எடுங்கள், இந்த வயதில் பிரீமியம் குறைவு. இப்படி மூட்டையிலிருந்த பாதிப் பொருளைக் கடையில் தனித்தனியாக வாங்கிவிடலாம். வாங்க முடியாதது மாதச் சம்பளத்தின் உறுதி மட்டும். அதற்கு ஆறு மாதச் செலவுக்கான பணம் அவள் பெயரில் தனியாக இருக்கட்டும்.

இன்னொன்று. வங்கி எழுத்தர் தேர்வுக்கு வயது வரம்பு 28. அவளுக்கு 22. ஒருமுறை தேறியவளுக்கு இன்னும் ஆறு வருஷம் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. மறுபடி தேறுவாள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கதவு எப்போது சாத்தும் என்பது தெரிந்த விஷயம், அதை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். திரும்பி வர வழி இருக்கும் முடிவுகளுக்கு நான் பிள்ளைகளை மறிப்பதை நிறுத்திக்கொண்டேன். திரும்ப வழியில்லாதவற்றுக்கு மட்டும் இன்றும் குறுக்கே நிற்பேன். ஃபுட்போர்டு, ஹெல்மெட் இல்லாத பைக், ஊர் பேர் தெரியாதவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து. உங்கள் மகளிடமும் அந்தக் கடைசி ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கம்பெனி எடுக்கும் எந்தக் கடனுக்கும் அவள் தன் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது.

அட்டவணையில் வராதது ஒன்று வந்தே தீரும், அதையும் மறைக்கக் கூடாது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதுவரை எங்கள் கையிலிருந்த எந்தக் கணக்கிலும் அப்படி ஓர் எண் இல்லை. என் மகளுக்கு 13 வயது, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டாள். போன் இல்லை, வண்டி இல்லை. நான் ஃபோர்ட்டிலிருந்து நடந்து பைகுல்லா தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. அவள் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளை வெளியே விடாமல் மேல்மாடியில் உட்காரவைத்து, கேன்டீனில் இருந்த பிஸ்கட்டைப் பங்கு போட்டு, இரவு முழுக்கக் கூடவே இருந்தார். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், அவசரப்படவில்லை. அன்று காரோடு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு உள்ளேயே மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நாம் சும்மா சொல்லும் சொல்லுக்கு இந்த ஊரில் நேரடி அர்த்தமே உண்டு. 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு மருத்துவர் திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்துபோனார்.

2005 மழைக்குப் பிறகு எங்களுக்கு வந்த வாகனக் கிளெய்ம்கள் மலைமாதிரிக் குவிந்தன. அதில் எத்தனையோ வண்டிகளில் வெள்ளத்தால் வந்த சேதம் கொஞ்சம், தண்ணீர் வடிந்த பிறகு சொந்தக்காரர் பதற்றத்தில் சாவியைத் திருகிப் பார்த்ததால் எஞ்சினே போனது அதிகம். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கினால் உள்ளே உள்ள தண்டுகள் வளைந்து உடையும். அது வெள்ளச் சேதம் இல்லை, பின்னால் நீங்களே உண்டாக்கியது என்று சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் எழுதிவிடுவார், சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. அந்தக் கோப்புகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டில் யார் தலையில் ஏதாவது இடி விழுந்தாலும் முதல் நாள் யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிவைத்தேன். மகளுக்கு 2018-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனபோது அது உதவியது. மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். நான் ஒரு விண்ணப்பத்தையும் அவள் முன்னால் நீட்டவில்லை. நாலாவது வாரம் அவளாகவே ரத்னகிரியில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், இப்போதும் ஒப்பந்தம்தான்.

கடைசியாக உங்களைப் பற்றி. கேள்வியில் மகளைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சம்பாதிப்பவர் யார்? உங்கள் ஆயுளுக்கு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, இருக்கிறதா? நம்மவர்கள் குழந்தை பிறந்ததும் குழந்தை பெயரில் பாலிசி போடுவார்கள், சம்பாதிக்கிற தகப்பன் பெயரில் இருக்காது. யார் இல்லாமல் போனால் அடுப்பு எரியாதோ அவர்மேல்தான் காப்பீடு இருக்க வேண்டும். அவளுடைய நிச்சயமில்லாத சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், உங்கள் நெஞ்சுவலிக்கு அவள் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்க வேண்டி வராதபடி செய்திருக்கிறீர்களா? இனிமேல் எடுப்பதாக இருந்தால், 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ், பணம் மனைவிக்கும் மகளுக்கும் சேரும்படி உங்கள் ஆயுள்மேல் எடுங்கள். கடன்காரர்கள் அந்தத் தொகையில் கைவைக்க முடியாது. உங்கள் சேமிப்பெல்லாம் ஒரே கூட்டுறவு வங்கியில் கிடக்கிறதென்றால், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதை நினைவில் வையுங்கள். அதுவும் 2020 பிப்ரவரி 4-க்கு முன்பு ஒரு லட்சமாகத்தான் இருந்தது. என் மாமியாரின் பணம் அப்படி ஒரு கூட்டுறவு வங்கியில் முடங்கியபோது, மேலதிகத் தொகைக்காக அவர் இறக்கும்வரை காத்திருந்தார்.

தூக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். ரத்னகிரியில் கடல் கொந்தளிப்பு என்று செய்தி வந்தால் எனக்கும் இன்றுவரை தூக்கம் வராது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் நாளையோ மறுநாளோ நீங்கள் செய்ய ஒன்று இருக்கிறது. அவள் வேலைக்குப் போகப்போகும் நேரத்து வண்டியில் மூவருமாக ஏறுங்கள். உங்கள் மனைவி அவளோடு மகளிர் பெட்டியில், நீங்கள் பக்கத்துப் பெட்டியில். கதவிலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறாள், பையை முன்னால் மாட்டியிருக்கிறாளா, கட்கோபரில் இறங்க எந்தப் பக்கம் முன்கூட்டி நகர்கிறாள் என்று உங்கள் மனைவி பார்க்கட்டும். அந்தேரி வரைக்கும் போய், அந்த ஆறு பேரையும் பார்த்துக் கைகொடுத்துவிட்டு வாருங்கள்.